தொட்டில் பின்தங்குகிறது

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா, உன் மனைவி, உன் மகள் சுண்டு, நான் நால்வரும் சுகம். அங்கே நீ ஒருவனும் நலமாக இருந்தால் கணக்குச் சரியாகிவிடும்.

அடுத்த முறையும் சுண்டு எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து உன் மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் தையல் மிஷினை மிதித்தாலும் கண் பக்கத்தில் தொங்கும் ஸ்பிரிங் தொட்டிலில்தான் இருக்கும். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன், நீ படித்தவன், சிரிக்காதே. பலமாக இழுத்து விட்டாலும் லேசாகத் தட்டிவிட்டாலும் தொட்டில் மேலே போய்க் கீழே வர ஒரே நேரம்தான் எடுக்கிறது, என் மிதியோடு கூடவே வருகிறது. அதிக தூரம் போனால் அதிக நேரம் ஆக வேண்டாமா? எப்படி என்று யோசித்து யோசித்து ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன். பிறகு பிள்ளையை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெறும் தொட்டிலில் துணிக்கட்டுகளைப் போட்டு ஆட்டினேன். பாரம் கூடக் கூட ஆட்டம் நிதானமாகிறது. உன் அம்மா, "தூங்க வைக்கச் சொன்னா பரீட்சை வச்சுக்கிட்டு இருக்கீங்களே" என்கிறாள்.

போன வாரம் சுண்டு தூங்கும்போது பார்த்தால் தொட்டில் என் மிதிக்குப் பின்தங்குகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை எடை ஏறிவிட்டாள் என்று வீட்டையே கூட்டிவிட்டேன், உன் மனைவி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். அப்புறம்தான் உன் அம்மா மெதுவாக, "பள்ளமா இருந்துச்சு, மெத்தைக்கு அடியில கொஞ்சம் துணி வச்சேன்" என்றாள். எடுத்துப் பார்த்தால் ஒரு வக்கீலின் கோட்டுக்கு வெட்டி வைத்து, நான் வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்த கம்பளித் துணி. என் முகத்தில் ஈயாடவில்லை. உன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. துணி இல்லாமல் சுண்டுவை மட்டும் போட்டு மறுபடி ஆட்டி மிதித்தேன். ஆட்டம் வேகமானது, ஆனால் பழையபடி மிதியோடு சேரவில்லை, ஒரு இழை பின்னால்தான் வந்தது. அந்த ஒரு இழை சுண்டுவுடையதா, இல்லை என் ஆசையில் கால்தான் முந்துகிறதா என்று தெரியாமல் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை எடை பார்த்தார்கள். "நல்லா ஏறியிருக்கா, சேர்க்க வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. எனக்கு முன்பே தெரியும் என்றேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

திரும்பும் வழியில் தொட்டில் கடைக்காரரைக் கேட்டேன். இப்படியே எடை கூடினால் அந்த ஸ்பிரிங் தாங்காது, சீக்கிரமே கழற்றிவிட வேண்டும் என்கிறார். சந்தோஷமான செய்திதான், இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. நீ இன்னும் ஒரு தடவைகூட அவளை ஆட்டிவிடவில்லையே.

நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் இரு. மேலதிகாரியிடம் லீவு கேட்கக் கூச்சப்படாதே. தொட்டிலைக் கழற்றுவதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா