இலையை மறித்த கை

கார்வேட்டிநகரம்
ஜனவரி 1960

அன்பு மகன் ஆசீர்வாதத்துக்கு அம்மா எழுதிக்கினது. கர்த்தர் கிருபையால நீயும் மருமகளும் குழந்தையும் மலாய் நாட்டில நல்லா இருப்பீங்கன்னு நம்பிக்கினு இருக்கேன். இங்க நான் உசுரோட இருக்கேன், சுகமா இருக்கேன்னு எழுத கை வரல, அதனால அதை எழுதாம விடறேன். நீ அனுப்பின வெள்ளைப் புடவை வந்து சேந்துச்சு, அகலம் ஜாஸ்தி, மடிச்சுக் கட்டிக்கினேன். உன் தங்கச்சி ஜெயம்மா திருத்தணியில புருஷன் வீட்டில சுகம். எல்லையை மாத்தறாங்களாம், சித்திரைக்குள்ள அவ ஊரு மெட்ராஸ் பக்கம் போயிடுமாம், நம்ம ஊரு ஆந்திராவிலயே நின்னுடுமாம், அளவுக்காரங்க சங்கிலியை இழுத்துக்கினு வயல்ல திரியறாங்க. இனிமே அம்மா வீட்டுக்கு வரணும்னா வேற ராஜ்யத்துக்கு வரணும்னு சிரிச்சுக்கினே சொல்லிட்டு அழுதா. எனக்கு இராப்பள்ளிக்கூடத்துல படிச்ச எழுத்துதான், தப்பு இருக்கும், மெதுவாப் படி.

உனக்குத் தந்தி குடுத்தப்போ நைனா போயிட்டாருன்ற ஒரு வார்த்தைதான் போச்சு. மத்ததை நான்தான் எழுதணும், இத்தனை நாளா எடுத்து எடுத்து வச்சிட்டேன். நீ லீவுக்கு வந்தப்போ நைனா கறியைத் தள்ளினதைப் பத்திச் சபையில ஆளாளுக்கு அவங்க நியாயத்தைச் சொன்னாங்க, ஆட்டைப் பத்தி ஒருத்தரும் உனக்குச் சொல்லல. அறுப்பின் பண்டிகை விருந்துக்கு வெட்டற ஆட்டை முன்னாடியே வாங்கி ஒரு வீட்டில கட்டி வளக்கறது நம்ம சபை வழக்கம், அது உனக்குத் தெரியும். போன பண்டிகைக்கு முந்தின பண்டிகைக்கு நம்ம வீட்டில கட்டினாங்க. கருப்பு ஆடு, ஒரு காது மடிஞ்சிருக்கும். உங்க நைனா உள்ளங்கையில கல் உப்பை வச்சு நக்கக் குடுப்பாரு, அது அவர் போற பக்கமெல்லாம் போவும். வெட்டறதும் எப்பவும் அவர்தானே. தலையில கையை வச்சு ஜெபம் பண்ணுவாரு, ஒரே வெட்டு, துள்ள விடமாட்டாரு. பண்டிகை அன்னைக்கு நம்ம சபைக் கோயிலுக்குப் பின்னால புளியமரத்தடியில ரெண்டு பேர் பிடிச்சுக்க வந்தாங்க, பிடிக்க வேண்டியதே இல்லாமப் போச்சு. இவர் ஜெபத்துக்குக் கையை நீட்டினாரு. அது உப்புன்னு நெனச்சு கழுத்தை நீட்டிக்கினு கையண்ட வந்துச்சு. வெட்டிட்டாரு. சாயங்காலம் கத்தியைக் கழுவிக் குடுத்துட்டு வந்து என்கிட்ட சொன்னாரு, "கத்தியப் பாத்து ஓடியிருந்தா மனசு ஆறியிருக்கும், என் கையப் பாத்து வந்துச்சு." அவ்வளவுதான். அன்னையிலருந்து கறி மீன் கருவாடு எதையும் தொடல. எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு, இத்தனை வருஷம் துன்ன சட்டி இப்ப அசிங்கமாப் போச்சான்னு கேட்டேன். உன் சட்டிக்கு ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் கை ஞாபகம் வருதுன்னாரு. அப்புறம் நான் கேக்கல, கீரையைத் தனியாக் கடைஞ்சு வைப்பேன்.

அதோட யாருக்கும் தெரியாமப் போயிருக்கும், புரட்டாசி வந்துச்சு. நம்ம ஊர்ல புரட்டாசியில கறி துன்னாதவன்னா அவன் பெருமாளுக்கு வேண்டிக்கினவன், வேற அர்த்தமே கிடையாது. திருப்பதிக்கு நடந்து போற ஜனங்க நம்ம வாசல்ல தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு கோவிந்தா போட்டுக்கினு போவாங்க, அவங்களுக்குத் தண்ணி ஊத்தினதும் உங்க நைனாதான். டீக்கடையில சிட்டிபாபு, என்னா கங்கையா நாமம் எப்பப் போடப்போறேன்னு கேட்டானாம், இவர் என் நெத்தியில சுருக்கம் போக எடம் எங்கடா இருக்குதுன்னு சிரிச்சாராம். அந்தச் சிரிப்பு சபைக்குப் போய்ச் சேந்தப்போ சிரிப்பா இல்ல. கங்கையா பழைய சாமிக்கே திரும்பிப் போயிட்டான், மலைக்கு மொட்டை போட்டுக்கினு வருவான்னு பேசிக்கினாங்க.

முனிரத்தினம் மாமாவை நீ கெட்டவர்னு நெனச்சுக்காத. சபை மூப்பர்ன்றதுக்கு முன்னாடி உங்க நைனாவோட ஒண்ணா மாடு மேய்ச்சவரு. அவர் வீட்டுக்கு வந்து என்கிட்டயே சொன்னாரு. நம்ம பாட்டன் பூட்டன் செத்த மாட்டைத் துன்னவங்கன்னு ஊர்க்காரங்க நம்மள கிணத்தண்ட சேக்கல, ஆண்டவர் வந்துதான் வாய்க்குள்ள போறது யாரையும் தீட்டாக்காதுன்னு சொன்னாரு, உயிர்த்தெழுந்து வந்த பிறகும் கரையில உக்காந்து சீஷருங்களுக்கு மீன் சுட்டுக் குடுத்தாரு, இன்னைக்கு நம்மள்லயே ஒருத்தன் கறியைத் தள்ளினா, மேல்தெருக்காரன் நம்ம வாயைப் பத்திச் சொன்னது நிசம்னு ஆவாதா ரத்னம்மான்னு கேட்டாரு. அதைக் கேக்க எனக்கும் நெஞ்சு வலிச்சுது. அவர் பேச்சிலயும் நியாயம் இருந்துச்சு, உங்க நைனா பேசாம இருந்ததுலயும் இருந்துச்சு. நான் யார் பக்கம் நிக்கறது.

நம்ம சபைக்குப் பாதிரியா இருந்த பழைய ஐயரை அரக்கோணத்துக்கு மாத்திட்டாங்க. புது ஐயர் தெலுங்குக்காரர், நல்ல மனுசன்தான், புத்தூர்லருந்து மாசத்துக்கு ஒரு தரம் வருவாரு. உங்க நைனாவுக்குத் தெலுங்கில கூலி கேக்கத் தெரியும், சண்டை போடத் தெரியும், மனசுல இருக்கறதைச் சொல்லத் தெரியாது. போன வருஷம் பண்டிகைப் பந்தியில ஐயர் பக்கத்துலயே இவரை உக்கார வச்சு, முதல் கறித்துண்டை இவர் இலையில வைக்கச் சொன்னாங்க, துன்னுட்டா பேச்சு முடிஞ்சுதுன்னு. சபையே பாத்துக்கினு இருந்துச்சு. இவர் இலைமேல கையை வச்சு மறிச்சாரு. ஐயர் ஏன்னு கேட்டாரு. "ஒரு ஆட்டுக்குட்டி எல்லாருக்குமாச் செத்தாச்சு ஐயா, எனக்கு அது போதும்"னு கோயில் சிலுவையைப் பாத்து தமிழ்ல சொன்னாரு. அதை ஒருத்தரும் தெலுங்கில எடுத்துச் சொல்லல. அன்னையிலருந்து திருவிருந்துல இவருக்கு அப்பம் குடுக்கறதை நிறுத்திட்டாங்க. எல்லாரும் அப்பம் வாங்க எழுந்து போவாங்க, இவர் கடைசியில பாயில உக்காந்து தலையைக் குனிஞ்சுக்கினு இருப்பாரு, நான் வாங்கிக்கினு திரும்பி வந்து பக்கத்துல உக்காருவேன், அந்த வாயோட அவர்கிட்ட பேசக் கூச்சமா இருக்கும்.

அப்புறம்தான் நீ வந்தே. நீ சொன்னதைக் குத்தமா எழுதல. நீ அங்க சபையில உபதேசியார், உன் நைனாவே இங்க சபைக்கு வெளிய இருந்தா உனக்கு எப்படி இருக்கும்னு எனக்குப் புரியும். ஒரு துண்டு வாயில போட்டா முடிஞ்சுது நைனான்னு நீ சொன்னே. அவர் உன் பெட்டியைத் தலையில வச்சுக்கினு ரேணிகுண்டா வரைக்கும் வந்து ரயில் ஏத்திட்டு வந்தாரு. வந்து, புள்ள சொல்றதும் நியாயம்தான்னாரு. ஒரு ஞாயித்துக்கிழமை அவராவே என்கிட்ட ஒரு துண்டு கேட்டாரு. நான் எவ்வளவு சந்தோஷமா எலும்பில்லாததாப் பாத்து எடுத்துப் போட்டேன் தெரியுமா. வாயில வச்சாரு, மென்னாரு, மென்னுக்கினே இருந்தாரு, தொண்டைக்குக் கீழ எறங்கல. கண்ணுல தண்ணி வந்துச்சு. எழுந்து போய்த் தோட்டத்துல துப்பிட்டு வாய் கொப்பளிச்சிட்டு வந்து, ஆசீர்வாதத்துக்கு இதை எழுதாத, அவன் மனசு கஷ்டப்படும்னாரு. அவர் இருந்த வரைக்கும் எழுதல. இப்ப எழுதறேன்னா, நைனா என் பேச்சைத் தள்ளிட்டாருன்னு நீ நெனச்சுக்கினு இருக்கக்கூடாது. உனக்காகப் பாத்தாரு கண்ணு. முடியல.

ஐப்பசி மழையில காய்ச்சல் வந்து மார்ல எறங்கிடுச்சு. பஸ்ல சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பாத்துட்டு வீட்டுக்கே கூட்டிக்கினு போங்கன்னாங்க. வீட்டில படுத்துக்கினு வேற ஒண்ணும் கேக்கல, எனக்கு அப்பம் வேணும்னு மட்டும் கேட்டாரு. முனிரத்தினம் மாமா ஒரு சொம்புல எலும்பு ரசம் கொண்டாந்தாரு. "கங்கையா, ஒரு வாய் குடிடா, நான் இப்பவே போய் ஐயரைக் கூட்டியாறேன், எனக்காகடா"ன்னு அழுதாரு. உங்க நைனா சொம்பு வாய்மேல கையை வச்சாரு, அன்னைக்கு இலைமேல வச்ச மாதிரியே. "அப்பத்துக்கு இதை விலையாக் கேக்கறியே முனிரத்தினம், ஆண்டவர் சும்மாதானடா குடுத்தாரு"ன்னாரு. மாமா சொம்பை அங்கயே வச்சிட்டு சைக்கிளை எடுத்துக்கினு அந்த மழையில புத்தூருக்குப் போனாரு, யாரையும் கேக்கல. ஐயர் வேற ஊரு சபைக்குப் போயிருந்தாராம். மாமா நனைஞ்சுக்கினு தனியாத் திரும்பி வந்தப்போ உங்க நைனா அடங்கிட்டாரு.

திருவிருந்துல நிறுத்தினவரைக் கல்லறை வரிசையில வைக்கக்கூடாதுன்னு சபையில சொல்லிட்டாங்க. கல்லறைத் தோட்டத்து முள்வேலிக்கு வெளிய, ரெண்டு முழம் தள்ளிதான் வச்சிருக்கு. குழி வெட்டினதும் முனிரத்தினம் மாமா, ஜெபம் பண்ணினதும் அவர்தான். ஆடு மாடு அந்தப் பக்கமாத்தான் மேயப் போவுது. உங்க நைனா அதுக்கு ஒண்ணும் சொல்லமாட்டாரு, எனக்குத்தான் பொறுக்கல. நீ ஐயருக்கு ஒரு கடுதாசி எழுது. தெலுங்கு எழுதறவங்க யாராவது உன் பக்கத்துல இருப்பாங்க. நைனா எந்தச் சாமிக்கும் வேண்டிக்கலன்னு எழுது, இலையண்ட அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுது. துன்றவன் துன்னாதவனைக் கேவலமா நினைக்கக்கூடாதுன்னு வேதத்துல இருக்குன்னு நீ பள்ளிக்கூடத்துல படிக்கும்போது எனக்குப் படிச்சுக் காட்டினியே, அதை எழுது. துன்னாதவன் துன்றவனைக் குத்தம் சொல்லக்கூடாதுன்னும் அங்கயே இருக்கு, அதையும் எழுது, அவர் ஒருத்தரையும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ராஜ்யத்துக்கு ராஜ்யம் எல்லையை மாத்திப் போடறாங்களே, ரெண்டு முழம் முள்வேலியைத் தள்ளிப் போட முடியாதா.

பண்டிகை கிட்ட வந்துடுச்சு. இந்த வருஷத்து ஆட்டை மாமா வீட்டில கட்டியிருக்காங்க, செவலை. கயித்தை அவுத்துக்கினு நம்ம வாசலுக்கு வந்து நிக்குது, என் கையை மோந்து பாக்குது. உப்புச் சட்டி அங்கயேதான் இருக்குது, ஒரு கல்லு குடுக்க மனசு அடிச்சுக்குது. குடுக்கல. ரெண்டு கையையும் மூடி முதுகுக்குப் பின்னால வச்சுக்கிறேன். அது மனுசங்க கையை நம்பப் பழகக்கூடாது.

நீ துன்னு, குழந்தைக்கும் நல்லாக் குடு, அதைத் தடுக்க நான் இதை எழுதல. நானும் பண்டிகைப் பந்தியில துன்னுவேனோ என்னமோ எனக்கே தெரியல. ஆனா உன் சபையில யாராவது இலையை மறிச்சா, எல்லார் முன்னாடியும் ஏன்னு கேக்காத. கேட்டுட்டா, அவன் எந்தப் பாஷையில சொன்னாலும் நின்னு முழுசாக் கேளு. அப்பத்தை மட்டும் யாருக்கும் மறிக்காத.

நீ நடக்கிற ரப்பர் தோட்டத்துப் பாதையெல்லாம் கர்த்தர் உனக்கு முன்னால நடக்கட்டும். மருமகளுக்கு என் ஆசீர்வாதம், குழந்தைக்கு முத்தம். நைனாவைக் குழந்தைக்குச் சொல்லிக் குடு. ஐயருக்கு எழுத மறக்காத, பண்டிகைக்குள்ள அது வந்து சேரணும், அன்னைக்குத்தான் ஐயரும் சபையும் ஒண்ணா இருப்பாங்க.

உன்னைப் பெத்த அம்மா
ரத்னம்மா