தகரத்துக்கு அந்தப் பக்கம் பூவாயி அத்தை

விருத்தாசலம்,
புரட்டாசி மாதம், 2020

அன்புள்ள மகன் அறிவழகனுக்கு உன் அம்மா கமலம் எழுதுவது. இந்த வீட்டில் இப்போது இருக்கிற மூன்று பேரும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம். மெல்போர்னில் நீயும் மருமகள் மைத்ரேயியும் பேரன் வளவனும் அதே சுகத்தோடு இருக்கப் பழமலைநாதர் துணையிருக்க வேண்டும். மூன்றாவது ஆள் யார் என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வீடியோவில் சொல்லலாம் என்றால் உன் அப்பா போனைத் தன் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அரசு அறிவிப்பை முதல் வரியிலிருந்து வாசிக்கிறார், கடைசியில் நான் வந்து கையாட்டுவதற்குள் நெட்டு போய்விடுகிறது. உங்கள் ஊரில் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தாண்டக் கூடாதாமே. நல்ல வேளை உன் அப்பா அங்கே இல்லை, டேப்பு எடுத்துக்கொண்டு அளக்கப் போயிருப்பார்.

கொரோனா வந்த நாளிலிருந்து அவர் திரும்ப வேலையில் சேர்ந்த மாதிரிதான். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், டிக்கெட் வாங்காத ஆளைப் பிடிக்க வழியில்லாமல் இத்தனை வருஷம் கை அரித்துக்கொண்டு கிடந்தார், அரசாங்கமே கூப்பிட்டு விதிமுறை கொடுத்ததும் விடுவாரா. தெருக்காரர்களைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் ‘விழித்திரு’ என்று ஒரு குழு தொடங்கி, யார் மாஸ்க்கைத் தாடையில் போட்டார்கள், எந்த டீக்கடையில் பார்சல் மட்டும் என்று போர்டு வைத்துவிட்டுப் பின்னால் கிளாஸில் கொடுத்தார்கள் என்று தினமும் பதிவு போட்டார். மளிகைக் கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டது அவர்தான், அந்த வட்டத்தில் ஒழுங்காக உட்கார்ந்தது தெருநாய் ஒன்றுதான். தளர்வு அறிவிக்கிற நாளில் டி.வி.க்கு முன்னால் நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பார். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் மட்டும் திறந்திருந்தால் குறையைச் சீட்டில் எழுதிக் கட்டினால் சாமி விசாரிக்குமே, அப்படி நான் அவர் மேல் ஒரு பிராது எழுதிக் கட்டியிருப்பேன், ஆனால் கொளஞ்சிநாதன் என்று தன் பெயரையே வைத்திருக்கிற ஆள் மேல் அந்தச் சாமி நடவடிக்கை எடுக்குமா என்பது சந்தேகம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பாவின் கூடப் பிறந்த தங்கை பூவாயி அத்தை உன் கல்யாணத்தோடு நம் வீட்டை விட்டு விலகியது உனக்குத் தெரியும். தன் மகள் பானுமதிக்கு உன்னைத்தான் என்று சின்ன வயதிலேயே மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள், நீ ஸ்ரீமுஷ்ணத்துப் பெண்ணைக் கைகாட்டியதும் “இனிமே அந்த வூட்டு வாசப்படிய மிதிச்சா என் பேரு பூவாயி இல்ல”ன்னு மண்டபத்திலேயே சொல்லிவிட்டுப் போனாள். உன் அப்பாவும் விடவில்லை, “இந்த வூட்டுலேருந்து ஒருத்தரும் அவ வூட்டுப் பக்கம் போவக் கூடாது”ன்னு உத்தரவு போட்டார். போகக் கூடாது என்றுதானே சொன்னார், போன் பண்ணக் கூடாது என்று சொல்லவில்லையே. அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் மதியம் தூங்குகிற நேரத்தில் நானும் அத்தையும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். உன்னைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் போனை வைத்துவிடுவாள். பானுமதியைச் சென்னையில் நல்ல இடத்தில் கொடுத்து அவளுக்கு ஒரு குழந்தையும் பிறந்த பிறகும் அந்த வீம்பு மட்டும் போகவில்லை.

ஆடி மாதத்தில் அத்தை இருக்கிற தெருவில், அதுதான் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறதே, அங்கே நாலைந்து பேருக்குக் கொரோனா என்று நகராட்சிக்காரர்கள் இரண்டு முனையிலும் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். அத்தை வீட்டில் தனியாள். பானுமதி சென்னையிலிருந்து வர இ-பாஸுக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு, திரும்பத் திரும்ப இல்லை என்று வந்துவிட்டது. காய்கறி கொண்டு வந்து கொடுத்தார்கள், ஆனால் பாக்கெட் பாலில் டீ போட்டால் அத்தைக்குத் தொண்டையில் இறங்காது என்பது உனக்குத் தெரியுமே. இந்தச் சமயத்தில்தான் உன் அப்பா விடியற்காலையில் நடைப்பயிற்சி என்று கிளம்ப ஆரம்பித்தார். ஆயுளில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட நடக்காத ஆள், கையில் பால் தூக்கோடு நடைப்பயிற்சி போகிறார். அந்த வெள்ளிக்கிழமை அத்தை போனில் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள், “அண்ணி, அண்ணன் தெனம் வந்து தகரத்துச் சந்துல பாலக் குடுத்துட்டுப் போறாரு. ஒரு வார்த்த பேசறதில்ல, தூக்க நீட்டுறாரு, நான் வாங்கிக்கிறேன். ஒங்களுக்குத் தெரியக் கூடாதாம், சைகையில சொல்றாரு. நீங்க தெரியாத மாதிரியே இருங்க.”

எனக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு அந்த ஊரடங்கில் வேறு கிடைக்கவில்லை அறிவு. மறுநாளிலிருந்து அவர் கண்ணில் படுகிற மாதிரி அடுப்பு மேடையில் மூடாமல் ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தேன். வத்தக்குழம்பு, நார்த்தங்காய் ஊறுகாய், அத்தைக்குப் பிடித்த அதிரசம். காலையில் பாதி காணாமல் போயிருக்கும். “பூனை வருது போலிருக்குங்க, ஊறுகா பாட்டிலத் தெறந்து மூடி வெச்சிட்டுப் போயிருக்குது”ன்னு சொன்னேன், பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல் “ஜன்னலச் சாத்திவை”ன்னார். அங்கே அத்தையோ உப்பு ஒரு கல் கூடிப்போச்சு அண்ணி என்று எனக்குக் குறை சொல்கிறாள். சொந்த வீட்டில் திருடி, பேசாத தங்கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் உட்கார்ந்து குழுவில் ‘அவசியமின்றி வெளியே வராதீர்’ என்று பதிவு போடுகிறவரை என்னவென்று சொல்வது.

இப்படியே போயிருக்கும், ஒரு நாள் காலையில் தகரத்துக்குக் காவல் நின்ற ஒரு பெண் போலீஸ் கண்ணில் உன் அப்பா பட்டுவிட்டார். நம் பானுமதி வயதுதான் இருக்குமாம். யாரு சார் நீங்க என்று கேட்டதற்கு இவர் விறைப்பாக ரிட்டையர்டு செக்கிங் இன்ஸ்பெக்டர் என்றிருக்கிறார். “அப்ப ரூல்ஸெல்லாம் என்னவுட ஒங்களுக்கு நல்லாத் தெரியுமே சார்”ன்னு சிரித்த முகமாகவே சொல்லி, தகரத்துக்கு முன்னால் நிறுத்தி, இனிமேல் அவசியமில்லாமல் வெளியே வர மாட்டேன் என்று உரக்க உறுதிமொழி எடுக்க வைத்துவிட்டது. ஒரு கையை நீட்டிக்கொண்டு, இன்னொரு கையில் பால் தூக்கு. எதிர் மாடியிலிருந்து யாரோ படம் எடுத்துவிட்டார்கள். அவர் நடந்து வீட்டுக்கு வருவதற்குள் அது ‘விழித்திரு’ குழுவுக்கு வந்து சேர்ந்துவிட்டது, டீக்கடைக்காரர்தான் முதல் ஆளாகக் கைதட்டுகிற பொம்மை போட்டார். எங்கே போனீர்கள் என்று நான் கேட்டதற்குப் பால் கிடைக்கவில்லை என்றார். போனைத் திருப்பிக் காட்டினேன். பார்த்துவிட்டு, “அவளுக்குப் பாக்கெட் பாலு ஒத்துக்காது”ன்னார், அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு அவருக்கு டீ போடப் போனேன்.

அதோடு அவர் குழுவை விட்டு வெளியேறி, வாசலுக்குக் கூட வராமல் உட்கார்ந்துவிட்டார். வெட்கம். காலை நடையும் நின்றுபோனது. அதில்தான் வினை வந்தது. வெள்ளிக்கிழமை நான் போன் போட்டேன், அத்தை எடுக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் விடாமல் போட்டேன், மணி அடிக்கிறதே தவிர ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் உன் அப்பாவிடம் போய், நான் வாரா வாரம் பேசுகிறேன், இன்றைக்குப் பூவாயி எடுக்கவில்லை என்று சொன்னேன். என்னைக் கோபிப்பார் என்று நினைத்தேன். சட்டையைக் கூட மாற்றாமல், பொத்தானை மாற்றிப் போட்டபடி அப்படியே கிளம்பிவிட்டார், நானும் பின்னாலேயே ஓடினேன். தகரத்தை இரண்டு கையாலும் தட்டுகிறார், பூவாயி பூவாயி என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிடுகிறார். அதே பெண் போலீஸ் ஓடி வந்தது. “அம்மா, என்னை எத்தன ஒறுதிமொழி வேணும்னாலும் எடுக்கச் சொல்லு, மொதல்ல உள்ள போயி என் தங்கச்சியப் பாரும்மா”ன்னு கும்பிட்டார் அறிவு. அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் உடனே உள்ளே ஆளை அனுப்பி, அப்போதே 108-க்கும் போன் போட்டது. கதவைத் தள்ளிப் பார்த்தால் அத்தை காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறாள். தகரத்தை நகர்த்தி ஸ்ட்ரெச்சரில் கொண்டுவரும்போது கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா. “அண்ணே, மாஸ்க்க மூக்குக்கு மேல போடு.” நான் திரும்பிப் பார்க்கிறேன், அது தாடையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சிதம்பரம் பக்கம் ஆஸ்பத்திரியில் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். உடன் யாரும் இருக்கக் கூடாது, பார்க்கவும் கூடாது, பஸ்ஸும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சோதனை எடுத்து இல்லை என்று வந்தது. அந்த நாட்களில் இந்த வீட்டில் டி.வி. ஓடவில்லை. உன் அப்பா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு போனையே பார்ப்பார். உனக்குச் சொல்லவில்லை என்று கோபப்படாதே, விமானமும் இல்லாத ஊரில் நீ உட்கார்ந்துகொண்டு என்ன செய்திருப்பாய். பழமலைநாதர் கோயில் பூட்டிக் கிடந்தது, நான் கோபுரத்தைப் பார்த்து ரோட்டிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து அத்தையே போன் செய்து ஆஸ்பத்திரி சாம்பாரில் புளியே இல்லை என்று சொன்னாள், அன்றைக்குத்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

ஆவணியில், செப்டம்பர் ஒன்றாம் தேதி முதல் மாவட்டத்துக்குள் பஸ் ஓடும், கோயில் திறக்கும், இ-பாஸ் வேண்டாம் என்று அறிவிப்பு வந்ததே, அதைப் பழையபடி சத்தமாக வாசித்தார், வாசித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். ஒன்றாம் தேதி, அத்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர முதல் பஸ்ஸுக்கே போய் நின்றார். சேத்தியாத்தோப்பு வழியாகப் போகிற வண்டி, இவரிடம் பயந்து வேலை பார்த்த ஆள்தான் கண்டக்டர். சீட்டில் ஒன்று விட்டு ஒன்று பெருக்கல் குறி போட்டிருக்கிறது, குறி போட்ட இடத்தில் உட்கார்ந்த ஒருவரைப் போகும்போதே எழுப்பி விட்டாராம். திரும்பி வரும்போது அத்தைக்கு அசதி, தலை நிற்கவில்லை. உன் அப்பா எழுந்து வந்து அந்தக் குறி போட்ட சீட்டிலேயே உட்கார்ந்து அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். கண்டக்டர் வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாராம். இதெல்லாம் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவர் வாயிலிருந்து வராது.

அவள் தெரு இன்னும் அடைத்திருந்ததால் நேராக இங்கேதான் வந்தார்கள். வாசப்படியில் வந்து அத்தை நின்றுவிட்டாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது, மிதிக்க மாட்டேன் என்று சொன்னவளாயிற்றே. “அதுக்கென்னா அண்ணி, தாண்டி வந்துர்றேன், மிதிச்சாத்தான”ன்னு புடவையைத் தூக்கிக்கொண்டு ஒரே எட்டாகத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். அந்த உடம்போடு. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் உன் அறையில் தனியாக வைத்திருந்தோம். அங்கே சுவரில் உன் கல்யாணப் படம் இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று யோசித்தேன், எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, “பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது அண்ணி. நம்ம பயதான் வேட்டிய நெஞ்சு வரைக்கும் ஏத்திக் கட்டியிருக்கான்”ன்னு சொன்னாள். அப்புறம் வளவன் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து, காது அப்படியே அண்ணன் காது என்றாள். பானுமதியை அங்கே கொடுத்திருந்தால் பாவம் குளிரில் கிடந்திருப்பாள், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று அவளாகவே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள், நான் ஆமாம் போட்டேன்.

இப்போது நன்றாகத் தேறிவிட்டாள். தொழிற்பேட்டையில் பாதி ஆட்களோடு சூளை போடுகிறார்கள், கொலு வருகிறதே. அங்கே வண்ணம் பூசுகிற வேலைதானே அத்தைக்கு, சுட்டு வைத்த வெள்ளைப் பொம்மைகளை வீட்டுக்கே வரவழைத்து நடுக்கூடத்தில் உட்கார்ந்து வண்ணம் பூசுகிறாள். செட்டியார் பொம்மை ஒன்றுக்கு மூக்குக் கண்ணாடியும் தாடையில் தொங்குகிற மாஸ்க்கும் எழுதி உன் அப்பா நாற்காலிக்கு எதிரே வைத்திருக்கிறாள், அவர் பார்க்காத மாதிரி பார்க்கிறார். இரண்டு பேருக்கும் டி.வி. ரிமோட்டுக்குத் தினமும் சண்டை, என் காது புண்ணாகிவிட்டது, சந்தோஷமாக இருக்கிறது.

நீ கண்டதையும் நினைத்துக் கவலைப்படாதே. வீட்டிலேயே அடைந்து கிடக்கிறோம் என்று மைத்ரேயியிடம் எரிந்து விழாதே, சமையலில் ஒரு வேளையாவது நீ செய். தலைமுடியை நீயே வெட்டிக்கொள்ளாதே, போன வாரம் வீடியோவில் பார்த்தேன், பின்பக்கம் எலி கடித்த மாதிரி இருந்தது. ராத்திரியில் மிளகு ரசம் வைத்துக் குழந்தைக்கும் கொடு. உங்கள் ஊர்க் கதவு திறந்ததும் மூன்று பேரும் வந்து சேருங்கள். மருமகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசீர்வாதம், நோய் நொடியில்லாமல் நீங்கள் நிறைந்து வாழ வேண்டும்.

முக்கியமான ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அத்தை புதுப் புடவையோடு உட்கார்ந்திருப்பாள், மைத்ரேயியையே முதலில் பேசச் சொல், குழந்தையின் காதைக் காட்டச் சொல். போன வாரமே அந்தத் தெருத் தகரத்தை எடுத்துவிட்டார்கள், பால்காரர் எனக்குச் சொன்னார். உன் அப்பா நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “இன்னும் வெச்சிருக்கானுவ, எப்ப எடுப்பானுவளோ”ன்னு அத்தையிடம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி போன் செய்து அத்தைக்கும் அன்றைக்கே சொல்லிவிட்டாள், எனக்குக் கேட்டது. அவளும் “அப்பிடியா அண்ணே, என்னா பண்றது”ன்னு பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருக்கிறாள். அதனால் நீ எதைக் கேட்டாலும் கேள், தகரத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
கொ. கமலம்