மாலாவின் தலையில் ஒரு சின்ன ஓட்டை

1997 ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஃபாக்டரிக்கு லீவ் லெட்டர் கொடுத்தாயிற்று. ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. மகள் மாலாவுக்குப் பின்மண்டையில் கட்டி. மூளையில் ஊறும் நீர் இறங்க வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறதாம். தலைவலி, காலை வாந்தி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, அத்தனையும் அதனால்தான். ஆறு வயசு.

டாக்டர்: "எத்தனை நாளா வாந்தி?"

"நாலஞ்சு நாளா சார்." பொய்.

என் மனைவி விஜயா என்னைப் பார்க்கவே இல்லை. "அஞ்சு வாரமாச்சு டாக்டர். இவர்தான் தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போனார்."

ஆமாம், நான்தான். கள்ளிக்குப்பத்தில் ஒரு அம்மாள், வயிற்றில் சிக்கினதைக் குழல் வைத்து உறிஞ்சி எடுப்பவள். மூன்று தடவை போனோம். "பாரு நைனா, எத்தினி நாள் சோறு உள்ள கீது!" என்று இலையில் துப்பிக் காட்டினாள். நம்பினேன். ஃபாக்டரியில் ஒரு நூல் பிசகினாலும் பீஸைத் தள்ளிவிடுகிற இன்ஸ்பெக்டர் நான்! பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று விஜயா அப்போதே சொன்னாள். வாயை மூடு என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கண் நரம்பு வீங்கியிருக்கிறதாம், பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

13, புதன்

அட்மிஷன். கொண்டுவந்தது: பிளாஸ்க், போர்வை, சொம்பு, கலர் பென்சில். விட்டுப்போனது: சோப்பு, துண்டு, என் புத்தி.

ஆபரேஷன் நாளைக்கு. முன்பெல்லாம் தலையிலிருந்து வயிறு வரை டியூப் வைப்பார்களாம். இப்போது முன்தலையில் சின்ன ஓட்டை போட்டு, கேமராக் குழாயை விட்டு, உள்ளேயே நீருக்கு வேறு வழி திறந்துவிடுகிறார்கள். கட்டியை அப்புறம் எடுப்பார்கள்.

"ஓட்டை எத்தனை மில்லிமீட்டர் சார்?" கேட்டேவிட்டேன். தொழில் புத்தி. டாக்டர் சிரித்துக்கொண்டே பதிலும் சொன்னார்.

மாலா: "மொட்டை அடிப்பாங்களாப்பா?"

"கொஞ்சூண்டு முடிதான் எடுப்பாங்க."

"பக்கத்து குவார்ட்டர்ஸ் ராணி சிரிப்பா."

விஜயா என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

14, வியாழன்

தூறல். எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் நின்றே இருந்தேன். ஆயா: "இன்னாத்துக்கு நின்னுகினே கீற? குந்து நைனா, கொயந்த வந்துரும்."

ஒன்பதரைக்கு டாக்டர் வந்தார். "நல்லபடியா ஆச்சு. நீர் ஓடுது." அழுதுவிட்டேன். எல்லார் எதிரிலும்.

15, வெள்ளி

ஆஸ்பத்திரியில் கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். வாந்தி இல்லை! தலைவலி இல்லை! இட்லி ஒன்றரை. கட்டிக்குப் பெரிய ஆபரேஷன் பத்து நாள் கழித்து.

கண் கூசுகிறதென்று மூடியே இருக்கிறாள். எப்படித் தெரிகிறதென்று கேட்கப் பயம். கேட்கவில்லை.

16, சனி

காலை ஏழு. மாலா கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம்.

"அப்பா, சட்டையத் திருப்பிப் போட்டிருக்கே. தையல் தெரியுது."

குனிந்து பார்த்தேன். ஆமாம்.

விஜயா நாலு நாளைக்குப் பிறகு என்னிடம் வாயைத் திறந்தாள்: "கழட்டி ஒழுங்காப் போடுங்க."

மாட்டேன். டாக்டர் பத்து மணிக்கு வருவார். தையல் தெரியுதென்று அவரிடமும் மாலா சொல்லட்டும்.