கீழே ஓடிய வரிகளுக்கு என் ஓட்டு

என் அன்பு மல்லிகாவுக்கு,

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை நாலே காலுக்கு என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடிய கூட்டத்தில், கார்ட்டூன் படங்களுக்குப் பாட்டு எழுதுகிறவர்களில் சிறந்தவர் உன்னுடைய ஆள்தான் என்று ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது. கூட்டத்துக்கு வந்திருந்தது நான் ஒருத்தி. உன் அண்ணன் ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். முடிவை அவரிடம் அறிவித்தேன். "ம்" என்றார். வழிமொழிந்ததாக எடுத்துக்கொண்டேன்.

இருபது வருஷத்துக்கு மேல் இழுத்த வழக்கு இது. ஜெயித்தவளுக்குத் தகவல் சொல்ல வேண்டாமா? நீ போய் ஒரு வருஷம் ஆகிறது என்பதால் தீர்ப்பைச் சொல்லாமல் விட முடியுமா?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் வழக்கு என்றால் முதலிலிருந்து சொல்வதுதான் முறை. அண்ணியும் நாத்தனாரும் ஒத்துப்போகக் கூடாது என்பது நம் வீட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம். நாம் அதை மதித்து நடந்தோம். ரசத்தில் ஒத்துப்போகவில்லை. உன் அண்ணனின் குணத்தைப் பற்றி ஒத்துப்போகவில்லை. பள்ளி விடுமுறையில் உன் தேவியையும் என் மகனையும் ஈப்போவில் கார்ட்டூன் படத்துக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனோம். பிள்ளைகள் பாப்கார்னைத் தின்றுவிட்டுத் தூங்கினார்கள். நாம் பாட்டு கேட்டோம்.

பிறகு பிள்ளைகள் வளர்ந்து, கார்ட்டூன் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. டிக்கெட் விற்ற மலாய்ப் பெண் நம் பின்னால் எட்டிப் பார்த்து, பிள்ளைகள் எங்கே என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீ என்னைக் காட்டி, மலாயில் "இனி அனாக் சாயா" என்றாய். உன்னைவிட ஆறு வயது மூத்தவளை, இதுதான் என் பிள்ளை என்றாய். அவள் சிரிக்காமல் இரண்டு டிக்கெட்டைக் கொடுத்தாள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடி, கூட்டுகிறவர் விளக்குமாற்றுடன் வந்து நிற்கும்வரை நாம் எழுந்ததில்லை. பாட்டு எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டும். பார்த்த பெயர் வாயில் நுழையாது. அதனால் நாமே பெயர் வைத்தோம். என் ஆள் வக்கீல். தவளை மந்திரி ஒருவன், குளம் ஏன் தனக்கே சொந்தம் என்று நாலு நிமிஷம் வாதாடுகிற பாட்டை எழுதியவர். மூன்று சொல்லுக்கு ஒரு எதுகை. உன் ஆள் பால்காரர். வருவார், ஊற்றுவார், போய்விடுவார்.

"பிள்ளைங்க கார்ல திரும்பிப் போறப்ப வாய்ல வரணும் அண்ணி. வரலன்னா அது பாட்டு இல்ல, பரீட்சை" என்பாய்.

"வக்கீலை ரெண்டாவது தடவ கேட்டாத்தான் ருசி தெரியும்."

"ஒரு தடவைல புரியலன்னா, ரெண்டாவது தடவ எழுத வேண்டியது அவருலா. நான் எதுக்குக் கேக்கணும்?"

முப்பது வருஷம் நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கிய எனக்கே பாட்டுக் கேட்கச் சொல்லித் தருகிறாயே என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நான் எங்கோ சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

முள்ளம்பன்றிக் குட்டி வழி தவறிப் போகிற படம் வந்தது. பால்காரர்தான் பாட்டு. நீ தோள் குலுங்க அழுதாய். வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்த பிறகும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

"என்னா வரி அண்ணி. 'ஆக்கு நாக் பாலேக்.' நான் வீட்டுக்குப் போணும். அவ்ளோதான். வேற என்ன இருக்கு சொல்றதுக்கு?"

நான் கன்னியர் பள்ளியில் ஆங்கிலம் படித்தவள். நீ செமோர் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறு வருஷம் தமிழ் படித்துவிட்டு, கையுறைத் தொழிற்சாலைக்குப் போனவள். படம் ஆங்கிலத்தில் பாடும். நீ திரையின் அடியில் ஓடுகிற மலாய் வரிகளைப் படிப்பாய். இது எனக்கு முதல் படத்திலிருந்தே தெரியும். அன்றைக்குத்தான் வாயில் வந்தது.

"பாட்டுல அந்த வரியே இல்ல மல்லிகா. நிலாவ விளக்குங்கிறான், பாதைய நூலுங்கிறான், எட்டு வரிக்கு இழுக்கிறான். நீ படிச்சது கீழ ஓடுன மலாய். யாரோ ஆபீஸ்ல உக்காந்து சுருக்கினது. இத்தன வருஷமா நீ பால்காரர கேக்கவே இல்ல. அந்தாள படிச்சிருக்க."

நீ தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தாய்.

"அப்ப அந்தாளு பேரு என்னா?"

"பேரெல்லாம் போட மாட்டாங்க."

"சரி. பேரு போடாதவருக்கே என் ஓட்ட போட்டுக்கங்க."

நீ சிரிக்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த இரண்டு படத்துக்கு, "ஓவர்டைம் அண்ணி" என்றாய். இரண்டு நாளும் நீ உன் புந்தோங் வீட்டில்தான் இருந்தாய் என்று தேவி பிறகு சொன்னாள்.

மூன்றாவது படத்துக்கு வந்தாய். ஒவ்வொரு பாட்டுக்கும் என் காதருகே குனிந்து, "இங்கிலீஸ்ல என்னா சொல்றான் அண்ணி?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் அப்படித்தான். ஒரு பாட்டைப் பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் என்னிடம் அனுமதி கேட்க ஆரம்பித்திருந்தாய். கேட்காதே, உனக்குப் பிடித்ததைச் சொல் என்று நான் சொல்லியிருக்கலாம். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்க நேரம் இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் உனக்கு ரத்தம் சுத்தம் செய்யும்போது பக்கத்து நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். நான்கு மணி நேரம். நாம் ரசத்தைப் பற்றிப் பேசினோம்.

இப்போதும் கார்ட்டூன் படம் வந்தால் போகிறேன். பெயர்கள் ஓடும்போது ஏதோ சொல்வதற்காக வலப்பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறேன். திறந்ததற்கு மரியாதையாகக் கொஞ்சம் பாப்கார்னைப் போட்டு மூடிக்கொள்கிறேன். உன் அண்ணனை ஒருமுறை அழைத்துப் போனேன். தவளை பேசுவது நம்பும்படி இல்லை என்றார்.

போன வாரம் தேவி ஜொகூரிலிருந்து கூப்பிட்டாள். "அத்தை, அம்மாவுக்குப் பேப்பர்ல நினைவஞ்சலி போடணும். பேரெல்லாம் நான் எழுதி அனுப்பிட்டேன். கவிதைய மட்டும் நீங்க பாத்துக் குடுங்க. நீங்கதானே நெறைய படிச்சவங்க."

விளம்பரம் வாங்கிப் பேப்பருக்கு அனுப்புகிற பேப்பர்க்கடை முத்தையாவிடம் போனேன். செய்யுள்களுக்கு எண் போட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்று வைத்திருக்கிறார். இறந்தவர் யாராக இருந்தாலும் ஒன்றிலிருந்து பதினான்குக்குள் அடக்கம்.

"ஒம்போதாம் நம்பர் எடுங்கக்கா. மல்லிகா, ரோஜா, பூப்பேருக்கெல்லாம் அதான் போடுறது."

ஒன்பதாம் எண்ணில் பூ உதிர்ந்துவிடுகிறது, மணம் தங்கிவிடுகிறது. உனக்கு மணம் என்று ஒன்று இருந்தால் அது ரப்பர் பாலின் நாற்றம். மூன்று முறை குளித்தாலும் போகாது என்று நீயே அலுத்துக்கொள்வாய். நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வக்கீல் பாணியில் ஆரம்பித்தேன். எதுகை நன்றாக வந்தது. மோனை அதைவிட நன்றாக வந்தது. பதினாறு வரி எழுதிப் படித்துப் பார்த்தேன். அதில் நான் எவ்வளவு படித்தவள் என்பது இருந்தது. நீ எங்கும் இல்லை.

அப்போதுதான் அந்த ஆபீஸ்காரரை நினைத்தேன். ஆணோ பெண்ணோ தெரியாது. மேலே வாத்தியங்களோடு ஒருவர் எட்டு வரி பாடுகிறார். இவருக்குத் திரையின் அடியில் இரண்டு வரி இடம். படிப்பதற்கு மூன்று விநாடி. தோட்டப் பள்ளியில் படித்த ஒருத்தி அதற்குள் படித்துவிட வேண்டும், அழவும் வேண்டும். எதை விடுவது என்று அவர் எத்தனை நேரம் யோசித்திருப்பார்? செவ்வாய்க்கிழமை நான் நாலே கால் வரைக்கும் விட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் மிஞ்சியது இது:

மல்லிகா,
நீ இருந்தபோது நம் பேச்சு முடியவே இல்லை.
இப்போதும் முடியவில்லை.

முத்தையா இரண்டு தடவை படித்தார். "இதுல கண்ணீரே இல்லையேக்கா."

"வேணுங்கிறவங்க சொந்தமா ஊத்திக்கட்டும்."

"போலேலா, போட்டுறலாம், உங்க இஷ்டம். ஆனா பெட்டி சின்னதுக்கா. படம் வேணும், பேரு வேணும், அப்பறம் கணவர், மக, மருமகன், பேரன், அண்ணன், அண்ணின்னு இந்தப் பொண்ணு வரிசையா எழுதி அனுப்பியிருக்கு. செய்யுளுக்கு ரெண்டு வரிதான் எடம். மூணு போட்டா கீழ இடிக்கும்."

"இடிக்கட்டும். இதுல ஒரு சொல் கொறைக்கக் கூடாது."

பேர் போடாத உன் ஆள் பெரியவர், மல்லிகா. நீ அவரைச் சரியாகப் படித்தாய். மேலே பாடியதைக் கேட்டுக்கொண்டு நான் கீழே நடந்ததைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். தேத்தண்ணிக் கடையில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த விடுமுறைக்கு ஒரு படம் வருகிறது. கடல்குதிரை பாடுகிறதாம். போவேன். கீழே ஓடுகிறதை ஒரு வரி விடாமல் படிப்பேன். நல்ல வரி வந்தால் உனக்குச் சொல்வேன், இங்கிலீஸ்ல என்ன சொன்னான் என்று சொல்ல மாட்டேன். இது வாக்கு.

என்றும் உன் அண்ணி,
சாரதா

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் நினைவஞ்சலி வந்துவிட்டது. உன் படம் தெளிவாக இருக்கிறது. மூன்று வரியிலும் அச்சுப்பிழை இல்லை. அதற்குக் கீழே துயருறுவோர் பட்டியல் அண்ணன் வரை இருக்கிறது. அதோடு பெட்டி முடிந்துவிடுகிறது.