முனியாண்டிக்குக் காலைப் பூசை

கொசுவுக்குக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்த என் செல்லத் தங்கச்சி மனோகரிக்கு,

நீ போன பிறகு உனக்குச் சொல்ல வேண்டிய சேதிகள் சேர்ந்துகொண்டே போகின்றன. கைப்பேசியை எடுத்து உன் பெயரைத் தேடிவிட்டு, பாதியில் வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். ஞாயிறு பத்திரிகைக்கும் ஒரு படி அனுப்பப்போகிறேன். உன்னை ஆராய்ச்சியாளர் டாக்டர் மனோகரி என்று மட்டும் அறிந்தவர்கள், எங்கள் தோட்டத்தில் நீ யாராக இருந்தாய் என்று தெரிந்துகொள்ளட்டும்.

முதல் சேதி, உன் அத்தான் சுகம். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சிகூட இறங்காத மனிதர், இப்போது நான் தேங்காய்ப்பாலில் வடிக்கிற நாசி லெமாச் சோற்றுக்குக் காரச் சம்பல் போதவில்லை என்று குறை சொல்கிறார். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "மச்சினிச்சிக்கா எழுதற? குரங்குப் பீ டாக்டருக்கு நான் வணக்கம் சொன்னேன்னு போடு" என்றார். போட்டுவிட்டேன். கோபம் என்றால் அவரிடமே வைத்துக்கொள்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், நீ பொறுத்துக்கொள். அவர் படுத்தபோது எல்லாரும் டெங்கி என்றுதான் நினைத்தோம். மருத்துவமனையில் இரத்தத்தைப் பார்த்துவிட்டு மலேரியா என்றார்கள். அதுவும் குரங்கிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்கு வருகிற மலேரியா. அவருக்கு முன்பே எங்கள் லயத்து வீடுகளில் வேறு சிலரும் அதே காய்ச்சலில் கிடந்தார்கள். சேதி மேனேஜர் காதுக்குப் போனது. காட்டோரத்துக் குரங்குகளை ஒன்று விடாமல் சுட ஆள் கூப்பிடப்போவதாகச் சொல்லிவிட்டார். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில்தான் எங்கள் முனியாண்டி கோயில் இருக்கிறது. அந்தக் குரங்குகள் முனிக்குக் காவல் என்று நம்புகிறவர்கள் நாங்கள்.

அந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் நீ வந்தாய். சேறு அப்பிய காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு, "வணக்கம் அக்கா, உள்ளுக்கு வரலாமோ?" என்றாய். உன் தமிழைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. "யாழ்ப்பாணத்து ஆளா? தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டுப் பொண்ணு லயத்துக்கு வந்திருக்கு, காப்பி குடிப்பியா மாட்டியா?" என்று கேட்டேன். நீ சிரித்தாயே ஒரு சிரிப்பு! "தாத்தா கிராணிதான் அக்கா. பேத்தி குரங்குக்குப் பின்னால திரியிறாள். காப்பி தாங்கோ" என்றாய். அன்றைக்கே உன்னை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதை உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் நீ செய்த வேலைகளைப் பார்த்துத் தோட்டமே வாயைப் பிளந்தது. குரங்கின் கழிவைக் குச்சியால் கிளறி, சின்னக் குப்பிகளில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்தாய். அந்தி சாயும் நேரத்தில் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, கோயில் வாசலில் அசையாமல் உட்கார்ந்தாய். காலில் வந்து அமர்கிற கொசுவை, அது கடிப்பதற்குள் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடித்தாய். "இவ்வளவு படிச்சிட்டு இதுக்கா?" என்று உன் அத்தான் கேட்டதற்கு, "இதுக்குத்தான் அத்தான் படிச்சனான்" என்றாய்.

சில வாரங்கள் கழித்து நீ கண்டுபிடித்ததைச் சொல்ல வந்தாய். குரங்குக்கு அந்தக் கிருமியால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. குரங்கைக் கடிக்கிற கொசு அந்தியில்தான் கூட்டமாக வெளியே வருகிறது. அதே நேரத்தில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? மாலைப் பூசையில் வாழைப்பழமும் கடலையும் படைத்துவிட்டு, குரங்கு வந்து எடுக்கும்வரை காட்டோரத்தில் காத்து நின்றோம். குரங்கு எடுத்தால் முனி எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். அது எடுக்காமல் யாரும் வீடு திரும்பக் கூடாது. குரங்கையும் கொசுவையும் மனிதனையும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் நாங்களே கூப்பிட்டிருக்கிறோம்.

நீ அதைச் சொன்ன மாத்திரத்தில் மாரிமுத்து பூசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "எங்க தாத்தன் காலத்துலேருந்து மாலைப் பூசைதான் லா. குரங்கு எடுக்கலன்னா சாமி எடுக்கலன்னு ஆயிடும். அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். கோயில் தலைவி என்கிற முறையில் நானும் உன்னை ஒரு பிடி பிடித்தேன். பாலர் பள்ளியில் பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய் எனக்கு. நீ மட்டும் குறைந்தவளா? பதிலுக்குப் பதில் கொடுத்தாய். இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

மறுநாளே நீ மேனேஜரிடம் போனாயாம். "குரங்கைச் சுட்டால் கொசு செத்துப்போகுமோ? தப்பினதுகள் அடுத்த தோட்டத்துக்குப் போகும், காய்ச்சலும் அங்க போகும்" என்று சொல்லியிருக்கிறாய். மழைக்காலம் முடியும்வரை அவகாசம் கேட்டிருக்கிறாய். அதற்குள் புதிதாக ஒருவர் படுத்தாலும் துப்பாக்கிக்குக் குறுக்கே நிற்கமாட்டேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டாய். எங்களை ஒரு வார்த்தை கேட்டாயா?

சரி, சாமியையே கேட்டுவிடுவோம் என்று பூக்கட்டிப் பார்த்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. "மாலைப் பூசையை விட்டுடலாமா, அய்யா?" என்று நான் கேட்டேன். பூசாரி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். சிவப்பு. கூட்டத்தில் பெருமூச்சு. நீ முகம் வாடி எழுந்து போவாய் என்று பார்த்தால், பக்கத்தில் வந்து என் காதுக்குள் சொன்னாய்: "அக்கா, நீங்கள் கேட்ட கேள்விதான் பிழை. பூசையை விடலாமோ எண்டு கேட்டால் எந்தச் சாமி ஓம் எண்டும்? காலையில வைக்கலாமோ எண்டு கேளுங்கோ. சனம் கூடிச் சாப்பிட்டால் அதை ஏத்துக்கொள்ளுவாரோ எண்டும் கேளுங்கோ."

பூசாரி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சாமியிடம் வேறு கேள்வி கேட்பதில் தப்பில்லை என்று அவரே சொல்லிவிட்டார். கேட்டோம். வெள்ளைப் பூ வந்தது. இரண்டாவது கேள்விக்கும் வெள்ளைதான். நீ கைகூப்பிக் கும்பிட்டாய், கண்ணில் தண்ணீர். ஆராய்ச்சிக்காரி அழுவாளா என்று நான் அன்றைக்குக் கேலி செய்தேன்.

அப்போதே உனக்கு உடம்பு சரியில்லை என்பது எனக்குத் தெரியாது. கடலோரம் பாசிர் பெனம்பாங்கில் மீன் சாப்பிடப் போனோமே, அன்றுதான் சொன்னாய். தலையில் துணி கட்டியிருந்தாய். முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே, புற்றுநோய் ஈரல்வரைக்கும் வந்துவிட்டது என்று, கடைக்குப் போய்வந்த கதைபோலச் சொன்னாய். எனக்குச் சோறு இறங்கவில்லை. "மழைக்காலம் முடியிறதைப் பார்க்க இருப்பனோ தெரியேல்லை அக்கா. நீங்கள் பாருங்கோ" என்றாய். மழை தொடங்குவதற்குள் போய்விட்டாய். உன் மேல் எனக்கு வருத்தம் உண்டு, மனோ. இவ்வளவு தாமதமாக வந்துவிட்டு இவ்வளவு சீக்கிரம் போகலாமா?

நீ பார்க்காத அந்த மழைக்காலத்தை இப்போது சொல்கிறேன், கேள். காலையில் வெயில் ஏறிய பிறகு பூசை. படையலைக் கோயில் வாசலிலேயே எல்லாரும் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு, இலையையும் தோலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறோம். பூசாரி முதல் வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சுண்டல் தீர்ந்துபோகிற அளவுக்குக் கூட்டம் வந்ததும் சரியாகிவிட்டார். மாலைப் பூசைக்கு எட்டிப் பார்க்காத இளவட்டங்கள், சாப்பாடு என்றதும் சனிக்கிழமை காலையில் குளித்து முழுகி வந்து நிற்கிறார்கள்.

ஆனால் யாருக்காவது உடம்பு சுட்டால் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒவ்வொருவரையும் நானே இழுத்துக்கொண்டு போய் இரத்தம் கொடுக்க வைத்தேன். ஒருவருக்கு டெங்கி, சிலருக்குச் சளிக் காய்ச்சல். அந்த மலேரியா மட்டும் ஒருவருக்கும் இல்லை. மழை விட்டது, மனோ, ஒருவருக்கும் இல்லை. மேனேஜர் ஒரு காலையில் பூசைக்கே வந்தார். இலையில் சுண்டலை வாங்கிக்கொண்டு, "சுடறதுக்கு வரச்சொன்ன ஆளுங்கள வேணாம்னு சொல்லிட்டேன். டாக்டர் இருந்திருந்தா கைகொடுத்திருப்பேன்" என்றார். நான் அடுப்படிப் பக்கம் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

குரங்குகள் இப்போது கோயிலுக்கு அவ்வளவாக வருவதில்லை. உள்காட்டில் அத்திமரங்கள் காய்த்திருக்கின்றனவாம், அங்கே இருக்கின்றன. உன் மாணவி அய்னிதான் சொன்னாள். உன்னைப் போலவே ஐஸ் பெட்டியும் குச்சியுமாக அலைகிறாள். ஒருவருக்கும் அந்த மலேரியா இல்லை என்று நான் சந்தோஷத்தில் குதித்தபோது அந்த மலாய்ப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு மழைக்காலம் போதாது ஆண்ட்டி, இன்னும் சில வருசம் பார்த்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்லலாம் என்றாள். இதை உன்னிடம்தானே கற்றிருப்பாள்?

கடைசிச் சேதியையும் சொல்லிவிடுகிறேன். என் பாலர் பள்ளியில் படித்த செல்வியை உனக்கு நினைவிருக்கிறதா? சபாக் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள், தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது உன் பேச்சைக் கேட்டவள். போன மாதம் அவள் புருஷனுக்குக் காய்ச்சல். காட்டோரத்தில் அந்திவரைக்கும் டுரியான் பழம் பொறுக்கியிருக்கிறான். கிளினிக்கில் மாத்திரை கொடுத்து அனுப்பியும் தணியவில்லை. பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். நானும் ஓடினேன். மருத்துவமனையில் அவளே டாக்டரிடம், "காட்டோரம் போன மனுசன் டாக்டர். குரங்கு மலேரியாவான்னு ரத்தத்த பாத்துருங்க" என்று கேட்டாள். பார்த்தார்கள். அதேதான். முற்றுவதற்குள் மருந்து ஏறிவிட்டது. இப்போது வீட்டில் பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருக்கிறான்.

மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அந்த இளம் டாக்டர் என்னிடம் வந்தார். நம் தமிழ்ப் பிள்ளைதான். "இவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் ஆண்ட்டி?" என்று கேட்டார். எங்கள் டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தது என்றேன். "அவங்கள நான் பாக்கணுமே. நம்பர் இருக்கா?"

"நம்பர் இருக்கு. ஆள் இல்ல" என்றேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன தெரியணுமோ என்னைக் கேளுங்க லா, நான் சொல்றேன்" என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இனி உன்னைத் தேடிக்கொண்டு யார் வந்தாலும், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தாலும், வெறுங்கையோடு திருப்பி அனுப்பமாட்டேன். இது உன் மேல் சத்தியம், மனோ.

கூடப் பிறக்காவிட்டாலும் உன் அக்காவான,
அஞ்சலை