ஒரே பதிவை இருவர் திறந்தால்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் திரை உறைந்துவிட்டது. வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் கம்பெனி. விவரமெல்லாம் ஒரே சர்வரில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதைத் திறந்து எழுதுகிற மென்பொருளுக்குத்தான் வயசாகிவிட்டது. முதலாளியம்மா கூப்பிட்டார். "நீயே நல்லதா ஒண்ணு பாரு. ஆர்டர் எடுக்கறவங்க, குடோன், டெலிவரி, எல்லாரும் ஒரே நேரத்துல வேலை பாக்கணும்." துணைக்கு மாப்பிள்ளையைத் தந்தார். என் தங்கையின் கணவர். இங்கே சிபாரிசு செய்து சேர்த்ததே நான்தான். இருவருமாகச் செய்யப்போவதில் சந்தோஷம்.

மார்ச் 12

இரண்டு மென்பொருள் கடைசிவரை வந்திருக்கின்றன. ஒன்று பார்க்க அழுது வடிகிறது. ஆனால் நான் ஒரு நோயாளியின் பதிவைத் திருத்தும்போது மாப்பிள்ளை அதையே வேறு கம்ப்யூட்டரில் திறந்தால், இன்னொருவர் திருத்துகிறார் என்று சொல்லி நிறுத்துகிறது. மற்றது பளபளவென்று இருக்கிறது. அதில் இருவரும் எழுதலாம். கடைசியாகச் சேமித்தவருடையது நிற்கும். முதல் ஆள் எழுதியது சத்தமில்லாமல் போய்விடும்.

மாப்பிள்ளையிடம் காட்டினேன். "இது ஆபத்து அக்கா. வாங்கவே கூடாது." அவர் வாயாலேயே சொன்னது.

மார்ச் 19

நாளை முதலாளியம்மா முன்னால் இரண்டையும் காட்ட வேண்டும். மாப்பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் என்னோடு உட்காரவில்லை. தலைவலியாம்.

மார்ச் 20



பளபளப்புக்காரர்கள் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் காட்டினார்கள். இரண்டில் காட்டுங்கள் என்றேன். வந்திருந்த விற்பனையாளர் விழித்தார். மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "அதெல்லாம் நானே செஞ்சு பாத்துட்டேன் மேடம். ஒரு பிரச்சினையும் இல்ல. அக்காவுக்குப் புதுசுன்னாலே கொஞ்சம் பயம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"பொய். வாங்க, இப்பவே செஞ்சு பாக்கலாம்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. முதலாளியம்மா முகம் சுளித்தார். "வீட்டுச் சண்டையை இங்க கொண்டுவராதீங்க." அதோடு முடிந்தது. பளபளப்பையே வாங்குகிறார்கள்.

மார்ச் 21

தங்கைக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை ஏன் பொய் சொன்னார் என்று கேட்டேன். "இந்த வியாபாரம் முடிஞ்சா அந்த சாஃப்ட்வேர் கம்பெனில அவருக்கு மேனேஜர் வேலை தர்றாங்கக்கா. உன்கிட்ட சொன்னா நீ விடமாட்டே..."

உனக்கும் தெரியுமா என்றேன். தெரியும் என்றாள்.

அந்த ஆளை விடு. அவன் எங்கிருந்தோ வந்தவன். இவ? என் கூடப் பொறந்தவ எப்படி வாயை மூடிட்டு இருந்தா?

ஏப்ரல் 8

மாப்பிள்ளை வேலையை விட்டுப் போகிறார். எல்லோர் மேஜைக்கும் போய்க் கைகொடுத்தார். என் மேஜைப் பக்கம் வரவில்லை.

மே 2

நினைத்ததுதான் நடந்தது. ஒரு பெரியவர். முன்பு பஸ் ஓட்டியவர், இப்போது ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. மகள் வீட்டுக்கு மாறிவிட்டார். ஆர்டர் எடுக்கும் பெண் புது முகவரியை எழுதிக்கொண்டிருந்தபோது குடோனில் அதே பதிவைத் திறந்து சிலிண்டர் அளவை மாற்றியிருக்கிறார்கள். அவர்கள் பிறகு சேமித்ததில் முகவரி போய்விட்டது. வண்டி பூட்டிய வீட்டுக்குப் போய்த் திரும்பிவிட்டது.

மகள் போன் செய்தபோது எடுத்தது நான். "அப்பாவுக்கு மூச்சு வாங்குதுங்க. இன்னும் வரலையே."

டிரைவரோடு நானும் ஏறிக்கொண்டேன். போனபோது பெரியவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். சிலிண்டரை மாட்டி, முகத்தில் நிறம் திரும்பும்வரை நகரவில்லை. மகள் கேட்டாள், "நேத்தே சொன்னேனே. யாரும் எழுதிக்கலையா?"

எழுதினார்கள் அம்மா. அதை எப்படி உன்னிடம் விளக்குவேன்?

மே 3

முதலாளியம்மாவை ஒரு கம்ப்யூட்டரில் உட்காரவைத்தேன். நான் இன்னொன்றில் அதே பதிவைத் திறந்து சேமித்தேன். அவர் எழுதிய வரி அவர் கண்ணெதிரிலேயே காணாமல் போனது.

"அன்னிக்கு இதைத்தானே சொன்னே."

"ஆமா மேடம்."

மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அழுது வடிவதையே வாங்கிப் போடச் சொன்னார்.

மே 20

புதியது ஓடுகிறது. பளபளப்பை எங்கள் கம்ப்யூட்டர்களிலிருந்து நீக்க அதை விற்ற கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளை. இளைத்திருந்தார். "மேடம், இதைக் கொஞ்சம் திறந்து தர்றீங்களா?" என்றார்.

தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்று சொல்லிவிட்டு பாஸ்வேர்டை அடித்தேன். பழைய பாஸ்வேர்டு அவருக்கும் தெரியும்; இது அவர் போனபிறகு மாற்றியது.