உன் காலில் நான் தேய்த்த எண்ணெய்

அந்தப் போத்தல் இன்னும் என் அலுமாரியின் மேல்தான் இருக்கிறது. மூடி சரியாக இறுகவில்லை. வெயில் ஏறி அறை சூடானதும் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் மணம் இறங்கிக் கட்டிலடிக்கு வந்துவிடுகிறது. எடுத்து வெளியே வையுங்கள் என்று என் உம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைக் கொண்டுவந்து வைத்தவர் உன் உம்மா.

நான் பிள்ளை பெற்று இன்று பதினெட்டாம் நாள். பெண் பிள்ளை. தொழுகை இல்லாத நாட்கள் இவை. துஆ கேட்கலாம்தான், கேட்டுக் கேட்டு எனக்கு நா வறண்டுவிட்டது. அல்லாஹ்விடம் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது உன்னிடம். நீயோ மௌத்தாகி இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. எங்கே வந்து கேட்பது? நீ அடங்கியிருக்கும் மையவாடிக்குள் எங்கள் ஊர்ப் பெண்கள் போவதில்லை. அதனால் பிள்ளை தூங்கும் பகல் நேரத்தில் ஒரு பழைய கொப்பியில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் வயிற்றில் பிள்ளை தங்கியபோது வீட்டில் எல்லோரும் உன்னைப் படு படு என்றார்கள். நீ படுக்கவில்லை. பள்ளிக்கூட நெட்போல் அணியில் மைதானம் முழுக்க ஓடி விளையாடியவள் நீ. ஒவ்வொரு நாளும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும் என்று மிட்வைஃப் மிஸ் சொன்னதை நேர்ச்சை போல எடுத்துக்கொண்டாய். அஸர் தொழுகை முடிந்ததும் அபாயாவைப் போட்டுக்கொண்டு எங்கள் கேற்றில் தட்டுவாய்.

“ஒட்டகம், வெளிக்கிடுகா. வெயில் இறங்கிட்டு.”

உயரமானவள் என்பதால் ஏழாம் வகுப்பிலிருந்து நான் உனக்கு ஒட்டகம். எனக்கு அப்போது கல்யாணமாகி மூன்று வருடம், பிள்ளை இல்லை. உன் வயிற்றைப் பார்த்து எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் அது பொய். அது உனக்கும் தெரியும். தெரிந்துதான் ஒரு நாளும் என்னை விட்டுவிட்டு நீ நடக்கப் போகவில்லை.

தோணிகள் ஏற்றிவைத்திருக்கும் இடத்தில் இறங்கி, ஈர மணலோடு காரைதீவுப் பக்கமாக நடப்போம். ஒரு நாள் மதில் கரையில் நின்ற ஒரு மாமி, நமக்குக் கேட்கட்டும் என்றே, “வயித்தத் தள்ளிக்கிட்டு கடக்கரையில என்ன ஓட்டமோ” என்றார். நீ நின்று, சிரித்த முகத்தோடு, “ஓட்டமில்ல மாமி, நடைதான். ஓடுறது பெத்ததுக்குப் புறகு” என்றாய். அதற்குப் பிறகு அந்த மாமி நம்மைக் கண்டாலே உள்ளே போய்விடுவார்.

ஏழாம் மாதத்துக்குப் பிறகு மணல் உன் காலை இழுத்தது. என் இடது தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். நீ குட்டை, நான் நெட்டை. “குனிகா ஒட்டகம், எனக்கு எட்டுதில்ல” என்பாய். நான் தோளைத் தாழ்த்திக்கொண்டு கோணலாக நடப்பேன். வீட்டுக்கு வந்தால் முதுகு வலிக்கும். வீட்டிலும் நீ சும்மா இருந்ததில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி குந்தி எழும்புவாய். என்னையும் எழும்ப வைப்பாய். “புள்ளப் பேறு ரெண்டு மெட்ச் அடுத்தடுத்து விளையாடுற மாதிரி. உடம்ப வச்சிருக்கணும்” என்று சொன்னாய்.

உடம்பை வைத்துத்தான் இருந்தாய். ஆனால் பிள்ளை தலை திரும்பவில்லை. வயிற்றை வெட்டி எடுத்தார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தாய், நாற்பது முடியும்வரை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றார்கள்.

மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத் தெளிவாகத்தான் சொன்னார். மெல்ல மெல்ல நடக்க வேண்டும், படுத்திருக்கும்போதும் பாதத்தை ஆட்ட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அவர் கேற்றைத் தாண்டியதும் உன் உம்மா கதவைச் சாத்தினார். “அவக்கென்ன, சொல்லிட்டுப் போவா. பச்ச உடம்பு. காத்துப் பட்டா சன்னி வரும்.” தண்ணீர் குடித்தால் தையல் ஊறும் என்று அதையும் அளந்தே தந்தார். பேறுகால மருந்தான காயம் அரைத்துக் கொடுத்தார். வேளைக்கு வேளை சோறு கட்டிலுக்கு வந்தது. உன்மேல் உயிரையே வைத்திருந்த மனுசி. அதனால்தான் யாராலும் அவரை எதிர்த்துக் கதைக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் நான் வந்தேன். அந்த நாளை எழுதத்தான் இந்தக் கொப்பியை எடுத்தேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துவிட்டேன்.

உன் முகம் வீங்கியிருந்தது. உன் உம்மா குசினிக்குள் இருந்தார். என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாய்.

“ஒட்டகம், என்னக் கொஞ்சம் நடத்தி உடுகா. கிணத்தடி மட்டும். இடது கால் கெண்டைக்குள்ள ஒரே நோகுது. கிடந்து கிடந்துதான் இப்படி.”

ஏழு மாதம் உன்னோடு நடந்தவள் நான். உன் நடைக்கு ஊரில் இருந்த ஒரே துணை நான். என்ன சொன்னேன் தெரியுமா? “அவசரப்படாத. நாப்பது முடியட்டும். சாச்சி ஏசுவாங்க” என்றேன். உன் உம்மா ஏசிவிடுவாரே என்ற பயம். அதோடு இன்னொன்றும் இருந்தது. இவ்வளவு நாள் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளை பெறாத எனக்கு இதில் என்ன தெரியும் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன்.

அந்த நேரம் உன் உம்மா எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்தார். “உடம்பெல்லாம் வாதம் இறங்கிரிக்கி. காலத் தேச்சு உடு மகள், உன்ட கை நல்ல பலமான கை” என்றார். நான் தேய்த்தேன். உன் இடது கால் வலது காலைவிடப் பருத்திருந்ததை என் கை கண்டது. சூடாக இருந்ததையும் கண்டது. எண்ணெய்ச் சூடு என்று நினைத்துக்கொண்டேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தாய். கொஞ்ச நேரத்தில், “காணும்கா, போதும்” என்றாய். நான் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன்.

பதினான்காம் நாள் காலையில் குளிக்க எழும்பிய நீ மூச்சு எடுக்க முடியாமல் வாசல்படியில் அப்படியே குந்திவிட்டாய். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட நீ தாங்கவில்லை. காலில் உறைந்த இரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் உன் கணவரிடம் சொன்னார். அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினேன். மணம் போகவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இந்த இரண்டு வருடமும் உன் உம்மா என்னைக் காணும்போதெல்லாம் என் இரண்டு கையையும் எடுத்துக் கொஞ்சுகிறார். “என்ட புள்ளைக்குக் கடைசியாப் பணிவிடை செஞ்ச கை” என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். ஒருமுறையாவது எனக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தைரியம் வந்ததா? இல்லை.

பிறகு எனக்கும் பிள்ளை தங்கியது. நான் தனியாக நடந்தேன், அதே மணலில், அதே நேரத்தில். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குந்தி எழும்பினேன். நீ பழக்கிய உடம்பு என்னைக் கைவிடவில்லை; பேறு லேசாகவே முடிந்தது. எனக்கு லேசாக முடிந்ததே என்று நான் அழுததைப் பார்த்து நேர்ஸ் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் என் இடது கால் கெண்டை நொந்தது. யாரிடமும் சொல்லாமல் போர்வைக்குள் இரண்டு காலையும் மாறி மாறித் தடவிப் பார்த்தேன். பருத்திருக்கிறதா, இல்லையா, என் கையை என்னாலேயே நம்ப முடியவில்லை. அப்போதுதான் உன் உம்மா வந்தார், போத்தலோடும், நீ பெற்றுவிட்டுப் போன உன் மகளோடும்.

“என்ட புள்ளைக்கு நீ செஞ்சத நான் உனக்குச் செய்ய வாணாமா? கால நீட்டு மகள்.”

எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றியும் விட்டார். நான் காலை மடக்கிக்கொண்டேன். “வாணாம் சாச்சி.”

“ஏன்கா?”

“கெண்ட நோகுது. தேய்க்கப்படாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே.”

அவர் என்னைப் பார்த்தார். கையில் ஊற்றிய எண்ணெய் விரலிடுக்கால் பாய்விரிப்பில் வழிந்தது. பிறகு கேட்டார்.

“அவளுக்கும் இப்படித்தான் நொந்திச்சா?”

“ஓம் சாச்சி. இடது கால். நடத்தி உடச் சொன்னாள். நான் உடல்ல. தேய்ச்சன்.”

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழும்பி, கையைச் சேலையில் துடைத்தார். என் உம்மாவைக் கூப்பிட்டு, “ஓட்டோவுக்குச் சொல்லுங்க” என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “எண்ணெயக் காய்ச்சினது நான்தானே, புள்ள” என்றார்.

என் உம்மா நாற்பதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். உன் உம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். என் உம்மா என் அபாயாவை எடுத்துத் தந்தார்.

ஆஸ்பத்திரியில் காலை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை, சதைப் பிடிப்பு. நன்றாக நடங்கள், தண்ணீர் குடியுங்கள், ஆனால் இப்படி நொந்தால் வந்து காட்டுவதுதான் சரி என்றார் டாக்டர். நான் உன்னைப் பற்றிக் கேட்டேன். தேய்த்ததால்தானா? இனி யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். ஆனால் நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தால் மருந்து இருந்தது என்றும் சொன்னார். பகல் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான். அரை நாள் வேலை. உனக்கு நான் கொடுக்காதது அந்த அரை நாளைத்தான். ஒரு ஓட்டோ, ஒரு அபாயா, “சாச்சி, இவள் கால் நோகுதாம்” என்று ஒரு வார்த்தை. இதை நினைக்கும்போது சுவரில் தலையை மோதிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. பிள்ளை அழுகிறது, எழும்பிப் பால் கொடுக்கிறேன், மறுபடியும் அதே நினைப்பு.

உன் உம்மா அதற்குப் பிறகு என் கையைக் கொஞ்சுவதில்லை. ஆனால் வராமலும் இல்லை. அஸர் முடிந்ததும் கேற்றில் தட்டுகிறார். உன் மகள் முன்னால் ஓடி வருகிறாள். “ஒழும்பு மகள்” என்கிறார், அவ்வளவுதான். மூன்று பேரும் அறையிலிருந்து கிணற்றடி வரை போய்த் திரும்புகிறோம். எங்கள் கிணறும் உங்கள் கிணறு அளவு தூரம்தான். முப்பத்தொரு காலடி. எண்ணாமல் என்னால் நடக்க முடியவில்லை. போத்தலை அவரும் எடுத்துப் போகவில்லை, நானும் கொடுக்கவில்லை.

நேற்று நடக்கும்போது என் உம்மா பின்னால் நின்று, “ஏன் புள்ள கோணலா நடக்காய், இடுப்பும் நோகுதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். கடற்கரையில் நீ எட்டிப் பிடிப்பதற்காக நான் தாழ்த்திய இடது தோள் அது. அந்தப் பன்னிரண்டாம் நாள் உனக்குக் கொடுக்காத தோளை இப்போது கிணற்றடி வரைக்கும் தாழ்த்திக்கொண்டே போகிறேன்.